சட்டாம்பிள்ளையின் சரித்திரம்

'சட்டாம்பிள்ளை' என்ற வார்த்தையை இன்று யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி அதிகாரம் பண்ணாதே" என்று வீட்டில் அக்காள் தம்பியை அதட்டுகிறாள். ஒரு வல்லரசு இன்னொரு நாட்டின் விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் 'உலகச் சட்டாம்பிள்ளை' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மலையாளத்தில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி இன்னும் மோசம். அங்கே 'சட்டம்பி' என்றால் போக்கிரி என்றே அர்த்தம். அதே மலையாள நாட்டில்தான் சட்டம்பி சுவாமிகள் என்ற மகான் 1853-இல் பிறந்து 1924 வரையில் வாழ்ந்தார். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் சட்டம்பியாக இருந்ததனால் வந்த பெயர் அது. துறவு பூண்ட பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

ஒரே சொல் மகானுக்கும் பொருந்துகிறது, போக்கிரிக்கும் பொருந்துகிறது என்றால், அந்தச் சொல்லைச் சுமந்த பையன்கள் ஏதோ செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இன்று நம் உயர்நிலைப் பள்ளிகளில் 'மாணவர் தலைவர்' என்றும் 'லீடர்' என்றும் மார்பில் பட்டயம் குத்திக்கொண்டு நிற்கிறானே ஒரு பையன், அவனுக்கு இவர்கள்தாம் பாட்டன், முப்பாட்டன். அந்த வம்ச சரித்திரம் நம் ஊர்த் திண்ணையிலிருந்து புறப்பட்டு, கப்பல் ஏறி, பாதி உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப நம் ஊருக்கே வந்த கதை.

'சட்டம்' என்றால் விதி. ஏட்டுப் பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறொரு அர்த்தமும் உண்டு. உபாத்தியாயர் மேலே ஒரு வரி எழுதிக் கொடுக்க, பிள்ளை அதைப் பார்த்துக் கீழே எழுதிப் பழகும் மாதிரி ஓலைக்கு மேல்வரிச் சட்டம் என்று பெயர். சட்டாம்பிள்ளை எந்தச் சட்டத்திலிருந்து வந்தான் என்பதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. அவன் மற்றப் பிள்ளைகளுக்கு மாதிரியாகவும் இருக்க வேண்டும், விதியை நடத்துகிறவனாகவும் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இரண்டில் ஒன்றே பெரிய பாரம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவர்தான். அரிச்சுவடிக்காரன், ஆத்திசூடி படிப்பவன், எண்சுவடி நெட்டுருப் போடுகிறவன் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பாடம். அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே தொண்டை கிழியக் கத்த முடியாது. ஆகவே மேல் பாடம் படிக்கும் பெரிய பையன் கீழ்ப் பாடக்காரர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். மணலைப் பரப்பி, சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் சொல்வான். உபாத்தியாயர் அப்பால் போனால் திண்ணை ராஜ்யம் அவனுடையது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் இந்தத் திண்ணை வாழ்க்கையை ஆற அமர வர்ணித்திருக்கிறார். திண்ணைப் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசும் பழைய மனிதர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: உபாத்தியாயரின் பிரம்பைவிடச் சட்டாம்பிள்ளையின் நினைவுதான் அவர்களுக்கு உறைப்பாக இருந்தது. அவல், பொரி, மாவடு என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து அவனைச் சரிக்கட்டியதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். நான்கு வருஷத்தில் கணக்கு வந்து சேர்ந்தது. 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண் குழந்தைகள் 4,540 பேர். இப்போது நாம் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்லும் பிரதேசத்தின் பெரும்பகுதி அப்போது செங்கற்பட்டு ஜில்லாவில் அடக்கம். 1997-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுதிய பையன்கள் அந்தக் கணக்குக்குள் எங்கோ இருக்கிறார்கள். சேரிப் பிள்ளைகளோ பல ஊர்களில் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. அவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் கொடுமைகூடக் கிடைக்காத பாக்கியமாக இருந்தது.

மன்றோவுக்கு வந்த அறிக்கைகளில் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823-இல் எழுதியது கதாசிரியன் கண்ணுக்கு விருந்து. காலையில் பள்ளிக்கு முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது வருகிறவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிறவனுக்கு ஆளுக்கு ஓர் அடி கூடிக்கொண்டே போகும். இருபத்தைந்தாவதாக வந்த பையனை நினைத்துப் பாருங்கள்! சின்ன வகுப்புகளைப் பெரிய மாணாக்கர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் காம்ப்பெல் குறித்திருக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்பே இந்த வழக்கம் கப்பல் ஏறிவிட்டது.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் ஒரு நாவிதரின் மகனாக 1753-இல் பிறந்தார். அமெரிக்காவுக்குப் போய் ஒரு பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து பாதிரியானார். 1787-இல் சென்னையில் வந்து இறங்கினார். கல்கத்தாவுக்குப் போக வேண்டியவர். இங்கேயே வசதியாக இருந்ததால் தங்கிவிட்டார். பல பட்டாளங்களுக்கு ஒரே சமயத்தில் பாதிரி உத்தியோகம். எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சம்பளம். சொற்பக் காசுடன் வந்தவர் சுமார் 25,000 பவுனுடன் ஊர் திரும்பினார் என்பதிலிருந்து அவருடைய கெட்டிக்காரத்தனத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் சம்பளம் வாங்க மறுத்தார். அந்த ஒரு வேலைதான் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது.

எழும்பூரில் 1789-இல் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதி திறந்தார்கள். இன்று ரயில் நிலையம் இருக்கும் வட்டாரம் அது. கம்பெனிச் சோல்ஜர்களுக்கும் இந்த நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பன் செத்தோ கைவிட்டோ போன குழந்தைகள். அப்பன் தேசத்துக்கும் சொந்தமில்லை. அம்மாவின் ஊருக்கும் சொந்தமில்லை. பெல் அதற்கு மேற்பார்வையாளரானார். அங்கே இருந்த உதவி உபாத்தியாயர்களுக்குப் பாடமும் வராது, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் காலையில் சவாரி போகையில், ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். உடனே விடுதிக்கு வந்து, அரிச்சுவடி வகுப்புக்கு மணலைப் பரப்பச் சொன்னார். "இது நடக்காத காரியம்" என்றார் அந்த வகுப்பு உபாத்தியாயர். பெல் பிடிவாதக்காரர். "நீ செய்யாவிட்டால் பையன் செய்வான்" என்று, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, வகுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். ஒரு சாதாரணச் சோல்ஜரின் மகன். உபாத்தியாயருக்கு வராதது அவனுக்கு வந்தது.

பிறகு மற்ற வகுப்புகளையும் அப்படியே பையன்கள் கையில் ஒப்படைத்தார். பாடம் சொல்லிக்கொடுப்பதோடு இது நிற்கவில்லை. நம் விஷயத்துக்கு முக்கியமானது இனி வருவதுதான். விடுதியில் ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. யார் என்ன தப்புச் செய்தாலும் அதில் பதிவாகும். வாரம் ஒரு முறை பள்ளி முழுவதும் கூடும். புத்தகத்தைத் திறந்து வாசிப்பார்கள். குற்றவாளியா, இல்லையா, என்ன தண்டனை என்பதைப் பையன்களே ஜூரியாக உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். சென்னைப் பட்டணத்தின் பெரிய மனிதர்கள் எவருக்கும் ஆட்சியில் ஒரு வார்த்தை பேச இடமில்லாத 1790-களில், எழும்பூரில் தகப்பன் பெயர் தெரியாத பையன்கள் ஜூரியாக உட்கார்ந்தார்கள். மாணவர் தம்மைத் தாமே ஆண்டுகொள்வது என்று பின்னால் பெரிய பெரிய பண்டிதர்கள் புத்தகம் புத்தகமாக எழுதினார்களே, அது இந்த நாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி நடந்த முதல் இடங்களில் ஒன்று இது.

அந்தப் பையன்கள் சோடை போகவுமில்லை. வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயது மாணவன் 1794-இல் காப்டன் டவ்டனின் கோஷ்டியோடு போய், திப்பு சுல்தானின் எதிரிலேயே விஞ்ஞானக் கருவிகளை இயக்கிக் காட்டிவிட்டு வந்தான். அதே வருஷம் சென்னையில் நில அளவைப் பள்ளி ஆரம்பமானபோது, அதற்கு மாணவர்கள் இந்த விடுதியிலிருந்துதான் போனார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று.

பெல் 1796-இல் சென்னையை விட்டார். மறு வருஷம் லண்டனில் தம் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். 1798-இல் ஜோஸப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனில் ஓர் ஏழைப் பிள்ளைகள் பள்ளி ஆரம்பித்து, இதே மாதிரி பையன்களை வைத்துப் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். ஒரே உபாத்தியாயர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்றால் எந்தத் தர்மப் பிரபுவுக்குத்தான் கசக்கும்? இரண்டு பேருக்கும் 'யார் முதல்' என்று சண்டை மூண்டது. ஒருவர் பின்னால் இங்கிலாந்துத் திருச்சபை. இன்னொருவர் பின்னால் அதற்கு மாறுபட்ட சபைகள். இந்தக் குழாயடிச் சண்டையில் பள்ளிகள் பெருகியதுதான் மிச்சம். 1832-இல் பெல் இறந்தபோது அவருடைய முறையில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. அதற்குப் பெயரே 'மதராஸ் முறை'. கானடாவில் நியூ பிரன்ஸ்விக் பிராந்தியத்தில் 'மதராஸ் பள்ளிகள்' நடந்தன. பெல்லின் சொந்த ஊரில், அவர் விட்டுப்போன பணத்தில், 'மதராஸ் கல்லூரி' 1833-இல் திறந்தார்கள். அது இன்றும் நடக்கிறது. நாம் நம் ஊருக்கு 1996-இல் சென்னை என்று பெயரை மாற்றிக்கொண்டோம். அந்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்னும் மதராஸில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்!

பெருமை யாரைச் சேர வேண்டும்? பெல் மணலை மட்டும் நம் கடனாக ஒப்புக்கொண்டார். பையனை வைத்துப் பாடம் நடத்துவது தம் சொந்த யுக்தி என்பது அவர் கட்சி. கம்பெனியின் டைரக்டர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. 1814 ஜூன் 3-ஆம் தேதி வங்காளத்துக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் நெடுங்காலமாக நடந்துவரும் போதனா முறையைத்தான் பெல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். என் அபிப்பிராயம், மணலைப் பார்த்த கண்ணுக்கு மணலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சட்டாம்பிள்ளை மட்டும் தெரியாமல் போயிருக்க நியாயமில்லை என்பது. ஆனால் ஜூரி பெல்லுடையதுதான். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளையின்மேல் பிராது கொடுக்க யாரும் இல்லை.

பெல்லை ரொம்பவும் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஊருக்குப் போன பிறகு எழுதியவற்றில், ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தங்கள் நிலையில் அதிருப்தி வந்துவிடும் என்ற தோரணையில் எழுதினார். லங்காஸ்டரோ அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குறும்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். தங்களைத் தாங்களே ஆளும் பிள்ளைகள் என்று பெயர். எதற்காக ஆள வேண்டும், எதுவரையில் ஆளலாம் என்பதைப் பெரியவர்கள் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1846-க்குப் பிறகு இந்த முறை மெல்ல மறைந்தது. நம் நாட்டுக்கோ அது ஆங்கிலப் பள்ளிகளோடு 'மானிட்டர்' என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. வேட்டி கட்டிப் போனவன் கால்சட்டை போட்டு வந்தான். நம்மவர்களும், "ஆகா, சீமைச் சரக்கு" என்று வரவேற்றார்கள்.

திருவள்ளூர் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி பாதிரியார் இங்கே ஊர் ஊராகச் சுற்றினார். செங்கற்பட்டு ஜில்லாச் சேரி மக்களின் நிலையைப் பற்றிக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891-இல் சர்க்காருக்கு அறிக்கை எழுதிய காலம் அது. சேரிகளில் பள்ளிகள் வந்தன. திண்ணைக்குக் கீழே நின்ற பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. உட்கார இடம் கிடைத்த பிறகுதானே 'வகுப்புக்கு யார் தலைவன்' என்ற பேச்சே வரும்?

மானிட்டர் வந்த பிறகு மன்றங்கள் வந்தன. இலக்கியச் சங்கம், தர்க்கச் சபை, கையெழுத்துப் பத்திரிகை. பேச விட்டால் பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்ற பயமும் கூடவே வந்தது. 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேச, மாணவர்கள் திரண்டு போய்க் கேட்டார்கள். அதே வருஷம் ராஜமகேந்திரவரத்தில் 'வந்தே மாதரம்' பட்டயம் குத்திக்கொண்ட மாணவர்கள் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மாணவர்களும் உபாத்தியாயர்களும் அரசியலில் கலக்கக் கூடாது என்று ரிஸ்லி துரையின் சுற்றறிக்கையும் அந்த வருஷமே பிறந்தது. அது முதல் பள்ளி மன்றங்களில் கத்தி பெரிதா, பேனா பெரிதா என்ற விவாதம் அமோகமாக நடக்கத் தொடங்கியது. கத்தியைப் பற்றியும் பேனாவைப் பற்றியும் என்ன சொன்னாலும் யார் வேலைக்கும் ஆபத்தில்லை அல்லவா?

ஆனால் மன்றத்தை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விஷயம் மாறும். 1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 'தமிழ்நாடு தமிழ் மாணவர் மன்றம்' என்று ஓர் அமைப்பையும் ஏற்படுத்தினார். 1942 ஆகஸ்டில் 'முரசொலி' பிறந்தது. அந்த மன்றத்தை எந்தத் தலைமையாசிரியரும் ஆரம்பித்துக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் தரும் மன்றத்தில் பேசக் கற்கலாம். எதைப் பேசுவது என்பதை அநேகமாக எல்லாரும் வெளியில்தான் கற்றிருக்கிறார்கள்.

தேர்தல் எப்போது வந்தது? அமெரிக்காவில் வில்லியம் ஜார்ஜ் என்பவர் 1895-இல் நியூயார்க் மாகாணத்தில் ஏழைச் சிறுவர்களைக் கொண்டு ஒரு 'சிறுவர் குடியரசு' நடத்தினார். பிள்ளைகளே சட்டம் செய்தார்கள், கோர்ட்டு நடத்தினார்கள், நாணயம்கூட வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்த பிறகு, சேவாகிராமப் பள்ளியில் பிள்ளைகள் கூடித் தங்களுக்குள் மந்திரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சமையலுக்கு ஒருவர், சுத்தத்துக்கு ஒருவர். அந்த மந்திரி சபையில் எனக்குப் பிடித்த அம்சம், மந்திரி கையில் துடைப்பம் இருந்தது என்பதே.

சுதந்திரம் வந்த பிறகு, டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த உயர்நிலைக் கல்விக் கமிஷன் மறு வருஷம் அறிக்கை கொடுத்தது. எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து, தலைவர்களையும் மாணவர் சபைகளையும் ஏற்படுத்தி, நடத்தை விதிகளை அந்தச் சபையே வகுத்து நடத்தும்படி விட வேண்டும் என்று அது சொல்லியது. எழும்பூர்க் கறுப்புப் புத்தகம் டில்லிக்குப் போய்த் திரும்பியது போல! அதே அறிக்கையில் இன்னொரு சிபாரிசும் உண்டு: பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவர்களை அரசியல் பிரசாரத்துக்கு உபயோகிப்பதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும். ஒரு கையால் ஆட்சியைக் கற்றுக்கொள் என்று சொல்லி, இன்னொரு கையால் வாசலைச் சாத்திய அறிக்கை என்று இதைக் கேலி செய்யலாம். நான் செய்ய மாட்டேன். ஊர்வலத்தில் பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டுத் தாம் பின்னால் வருகிற பெரியவர்களை முதலியார் பார்த்திருப்பார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1965 ஜனவரி 25-ஆம் தேதி மதுரையில் மாணவர்கள் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டார்கள். அதன் பிறகு நடந்தது நாடறிந்த கதை. 1967 தேர்தலில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட மனிதரை, மாணவர் தலைவர் ஒருவர் வென்றார்! அன்று தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகிகள் பலருக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். கத்தி, பேனா விவாதத்துக்குத் திரும்பப் போவதே க்ஷேமம் என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-இல் திருவள்ளூருக்குப் பக்கத்தில் கடம்பத்தூரில் ஆரம்பமாயிற்று. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். "உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன குறை?" என்று ஊராரைக் கேட்டார்கள். பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, கட்டடம் என்று ஜனங்கள் வாரிக் கொடுத்தார்கள். அருமையான காரியம். அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறவனையும் யாராவது கேட்டார்களா என்று நினைப்பது கதாசிரியனின் குறும்புப் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமுறை பார்த்த சட்டாம்பிள்ளைக்கு வருவோம். வாத்தியார் வெளியே போகிறார். லீடர் எழுந்து வந்து சாக்கட்டியை எடுக்கிறான். பேசுகிறவர்களின் பெயர் கரும்பலகையில் ஏறுகிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடி பேசினால் இன்னொன்று. வாத்தியார் வந்ததும் குறிகளை எண்ணி அடி விழுகிறது. லீடருக்கு வேண்டியவன் பெயர் எழுதப்படுவதில்லை, அல்லது வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அழிக்கப்படுகிறது. எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். காம்ப்பெல் பார்த்த உள்ளங்கைப் பூஜ்யம் கரும்பலகைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மாவடு மிட்டாய் ஆயிற்று.

இவன் பிள்ளைகளின் வாயா, வாத்தியாரின் காதா? பிள்ளைகளுக்காகப் பேச வேண்டியவன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவனாக மாறினான். அதற்காகத்தான் மொழி அவனைத் தண்டித்தது என்று நினைக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாப்பாட்டு வரிசையில் சிலரைக் கடைசியில் நிறுத்துகிறார்கள் என்று தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொன்ன லீடர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கரும்பலகையிலும் இல்லை. ஜாதி பார்த்து லீடரை நியமிப்பதும், ஜாதிக் கயிறு கட்டிய கைகள் கூடித் தீர்மானிப்பதும் நடக்காத விஷயங்கள் அல்ல. 2023-இல் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் கலர்க் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் 2024-இல் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது.

2024-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடு தொடங்கியது. மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர் வைத்தார்கள். முதலியார் கமிஷன் கேட்ட இல்லங்கள், எழுபது வருஷம் கழித்துச் சங்கத் தமிழ்ப் பெயரோடு வந்து சேர்ந்தன. திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் பெயரில்லை. திருத்தணி மலை குறிஞ்சி. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காடு முல்லை. பொன்னேரி வயல்கள் மருதம். பழவேற்காடு ஏரிக்கரை அசல் நெய்தல். பாலைக்கு எங்கே போவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளின் பக்கம் மே மாத மத்தியானத்தில் போய் நின்றால் தெரியும்.

அந்தத் திருத்தணியில்தான் 1888-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். அவருடைய பிறந்த நாள் 1962 முதல் ஆசிரியர் தினம். அன்றைக்குப் பல பள்ளிகளில் பெரிய வகுப்பு மாணவர்கள் வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு வந்து சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஜான் ஃபிரிஸ்கன் தினம் தினம் செய்ததை இவர்கள் வருஷத்தில் ஒரு நாள் செய்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஊர்க்காரர்களின் பிள்ளைகள் உண்டு. தொழிற்பேட்டை வேலைக்காக ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் உண்டு. ஊருக்கு அருகில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. இனக் கலவரத்துக்கும் போருக்கும் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். 2021 முதல் அதற்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத் தேர்தல் நடத்தும் நாளில் எல்லாருக்கும் ஒரே வாக்குச் சீட்டு. சில பள்ளிகளில் இப்போது செல்போனையே வாக்குப் பதிவு யந்திரமாக ஆக்கி, விரலில் மையும் வைத்துவிடுகிறார்கள். முகாம் பிள்ளை வேட்பாளராகவும் நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம்.

பதினெட்டு வயதில் வகுப்புத் தோழர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறும். 1989 முதல் வாக்குரிமைக்கு அதுதான் வயது. முகாம் பிள்ளையின் பெயர் ஏறாது. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால்தான் பிறப்பால் பிரஜை என்பது சட்டம். பெற்றோர் இருவரும் அகதிகளாக இருந்தால், இதே ஊரில் பிறந்து, இதே பள்ளியில் தமிழ் இலக்கிய மன்றச் செயலாளராக இருந்து, இதே தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தாலும், அவருக்குப் பள்ளிக்கூடத் தேர்தல்தான் முதல் தேர்தல். பலருக்கு அதுவே கடைசித் தேர்தலாகவும் இருந்துவிடும்.

1987-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஒரு சிறு கதவு திறந்திருந்தது. திருச்சியில் முகாம்வாசியான ஒரு பெண்மணி அந்தக் கதவைத் தட்டினார். கோர்ட்டுக்குப் போய், தாம் பிறப்பால் இந்தியப் பிரஜை என்று நிலைநாட்டி, பாஸ்போர்ட் வாங்கி, பிறகு வாக்காளர் அட்டையும் வாங்கினார். 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தலில் வாக்குச் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38.